துப்பாக்கியின் தாடையில் இருந்த தோல்

பத்து நாள் முன்பு ஆம்பூரில், எங்கள் வாசிப்பு வட்டத்தில் 1806 வேலூர் எழுச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். புதிய தலைப்பாகை, அதில் தோலால் செய்த சின்னம், அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம், பிறகு கொதிப்பு. அப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டார்: "அக்கா, தலையில தோல் வந்ததுக்கு இவ்வளவு கோபம். அவங்க கையில இருந்த துப்பாக்கியில தோல் இல்லையா?"

அவருடைய அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். தோல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களின் கண்ணில்தான் முதலில் படும். எனக்கு அன்று முழுப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

இருந்தது. அதுவும் துப்பாக்கி சுடுமா சுடாதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்திலேயே இருந்தது.

அன்று சிப்பாய்கள் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகவே செய்யச் சொன்ன 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட். குழாய் நீளம் 39 அங்குலம். கம்பெனிக்குச் செய்த இந்த மாதிரியைத்தான் 1797-இல் பிரிட்டிஷ் அரசுப் படையும் எடுத்துக்கொண்டது. இதில் தோட்டாவுக்குள் தீ வைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பக்கவாட்டில் ஒரு இரும்புக் குதிரை. அதன் தாடை இரண்டுக்கும் நடுவில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் உருக்குத் தகட்டில் கல்லை உரசும். தகடு பின்னால் சாயும், அதன் அடியில் இருக்கும் சின்ன மருந்துக் கிண்ணம் திறக்கும், பொறி அதில் விழும். அங்கே பற்றிய தீ ஒரு துளை வழியாகக் குழாய்க்குள் போகும்.

பொறி கல்லிலிருந்து வருகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கல்லின் கூர் விளிம்பு உருக்கிலிருந்து மிக நுண்ணிய துகள்களைச் சீவி எடுக்கிறது. அந்தத் துகள்கள் சூடேறி காற்றில் எரிவதுதான் பொறி. இதைப் புரிந்துகொண்டால் "பொறி சரியாக வரவில்லை" என்ற பிரச்சினையின் பாதி விளங்கிவிடும். ஒன்று, கல் சீவவில்லை. அல்லது, உருக்கு சீவப்படத் தகுதியாக இல்லை.

கல் சீவாமல் போகக் காரணங்கள் பல. விளிம்பு மழுங்கியிருக்கலாம், ஒரு கல் இருபது முப்பது சூட்டுக்கு மேல் தாங்குவது கடினம். கல் கோணலாக உட்கார்ந்திருந்தால் ஒரு மூலை மட்டும் தகட்டைத் தொடும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பொறி வராது. குதிரையைத் தள்ளும் பெரிய வில் தளர்ந்திருக்கலாம், அல்லது தகட்டைப் பிடிக்கும் சின்ன வில் தேவைக்கு மேல் இறுகியிருக்கலாம். ஆனால் அதிகம் தொல்லை கொடுப்பது கல் ஆடுவதுதான். இரும்புத் தாடை கல்லை நேராகக் கவ்வினால் பிடிக்காது, வழுக்கும், இறுக்கினால் கல் உடையும். அதனால் கல்லைச் சுற்றி ஒரு தோல் துண்டு வைப்பார்கள். சில படைகளில் ஈயத் தகடு வைத்ததும் உண்டு. பிரிட்டிஷ் படைகளில் பெரும்பாலும் தோல்.

இந்தத் தோல் துண்டிலும் நுணுக்கம் இருக்கிறது. நீள்சதுரமாக வெட்டி, கல்லின் முதுகைச் சுற்றி மடித்து, தாடைத் திருகு போவதற்கு மடிப்பில் ஒரு துளை போட வேண்டும். மெல்லிசாக இருந்தால் பிடிமானம் இல்லை, தடித்திருந்தால் தாடை மூடாது. விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பொறி பட்டுப் புகையும். அடுத்த மருந்தைக் கொட்டும் நேரத்தில் அந்தக் கங்கு உயிரோடு இருந்தால் சிப்பாயின் முகம் போய்விடும். நாலைந்து சூட்டுக்குப் பிறகு தோல் அமுங்கும், திருகை மறுபடி இறுக்க வேண்டும். பயிற்சியின்போது கல் வீணாகக்கூடாது என்று தாடையில் மரத்துண்டு வைத்துப் பழகச் சொன்னார்கள் என்றால், கல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது பாருங்கள். தோலுக்கு அப்படி யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அது மலிவு.

இனி உருக்குத் தகடு. விலை குறைக்க, தகட்டை முழு உருக்காகச் செய்யாமல் மெல்லிரும்பில் அடித்து, மேல் தோலை மட்டும் கடினமாக்குவது வழக்கம். மேல் தோல் என்று சும்மா சொல்லவில்லை. கருகிய தோல், எலும்பு, குளம்பு, கொம்பு ஆகியவற்றைப் பொடித்து, தகட்டை அந்தப் பொடிக்குள் புதைத்து, காற்றுப் புகாமல் பெட்டியில் அடைத்து, மணிக்கணக்கில் செந்தணலில் வைப்பார்கள். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கரி இரும்பின் மேற்பரப்புக்குள் இறங்கும். எடுத்தவுடன் தண்ணீரில் போட்டால் மேற்பரப்பு கடினமான உருக்காகிவிடும். கடினம் குறைந்தால் கல் அதைக் கிழிக்கும், பொறி வராது. மிதமிஞ்சினால் கல் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கும், அப்போதும் பொறி வராது. சுட்டுச் சுட்டு அந்தப் படலம் தேய்ந்துபோன துப்பாக்கிக்கு இரண்டு வைத்தியம். மறுபடி தோல்கரியில் புதைத்துச் சுடுவது ஒன்று. முகத்தில் ஒரு புதிய உருக்குத் தகட்டை ஒட்டுவது இன்னொன்று. ஆங்கிலத் துப்பாக்கிக் கொல்லர்கள் இரண்டாவதற்கு வைத்த பெயர் 'ஹாஃப் சோல்'. செருப்பு தைப்பவரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

செத்த மாட்டின் தோல், எலும்பு, குளம்பு. ஊருக்கு வெளியே நம்மைத் தள்ளிவைக்க எந்தப் பொருட்களைக் காரணம் காட்டினார்களோ, அவை இல்லாமல் அந்தக் காலத்துப் பேரரசுகளின் துப்பாக்கியில் பொறி பறக்கவில்லை.

ஆம்பூருக்கு இந்தத் துப்பாக்கி தெரியாததல்ல. 1749 ஆகஸ்ட் 3 அன்று இங்கேதான் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானை மேல் இருந்தபடி சுடப்பட்டு இறந்தார். எதிரில் இருந்தது சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களோடு பிரெஞ்சுப் படையும் அது பயிற்சி கொடுத்த சிப்பாய்களும். ஒழுங்காக வரிசையில் நின்று சக்கிமுக்கித் துப்பாக்கியால் சுடும் சிறு படை, பெரிய குதிரைப் படையை உடைக்கும் என்று தென்னிந்தியா கற்றுக்கொண்ட சண்டைகளில் அதுவும் ஒன்று. அதன் பிறகு கம்பெனி வேகமாகச் சிப்பாய்களைச் சேர்த்தது. சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர் படை, பின்னாளில் சாப்பர்ஸ் ஆனது. அதில் நம் ஆட்கள் நீண்ட காலம் கணிசமாக இருந்தார்கள். தீண்டப்படாதவர்களின் உழைப்பும் உயிரும் இல்லாமல் கம்பெனி இந்தியாவைப் பிடித்திருக்க முடியாது என்று அண்ணல் அம்பேத்கர் வாதிட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதைப் பெருமையாக மட்டும் படிக்கத் தேவையில்லை. யாருக்காகச் சுட்டோம் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

இப்போது 1806-க்கு வருவோம். 1805 நவம்பரில் புதிய தலைப்பாகைக்கு உத்தரவு வருகிறது. அதையடுத்து, அணிவகுப்பில் சாதி, மதக் குறிகள் கூடாது, தாடி கூடாது என்ற விதி. 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் மறுக்கிறார்கள். இருவருக்குச் சவுக்கடி கொடுத்து வேலையிலிருந்து நீக்குகிறார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டை எழுகிறது. 69-ஆம் படைப்பிரிவின் ஐரோப்பியர் நூறு பேருக்கு மேல் கொல்லப்படுகிறார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து வாசலை உடைக்கிறார். அடுத்த சில மணி நேரத்தில் முந்நூறுக்கும் அதிகமான சிப்பாய்கள் பிணமாகிறார்கள். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தளபதி கிரடாக், கவர்னர் பெண்டிங்க் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

இந்த எழுச்சியைச் சின்னதாக்க எனக்கு விருப்பமில்லை. சவுக்கடி, அவமானம், மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம், கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், இத்தனையும் சேர்ந்ததுதான் அது. வெறும் தோலுக்காக யாரும் சாகவில்லை. ஆனாலும் மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தச் சிப்பாயின் மார்பில் குறுக்காகப் போன பட்டை தோல். இடுப்பில் தோட்டாப் பை தோல். காலில் செருப்பு தோல். துப்பாக்கித் தாடையில் தோல். சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டு, கல் ஆடுகிறதா என்று பார்த்த தோல். அரை நூற்றாண்டாக இதில் எதுவும் தீட்டாகவில்லை. தலைக்கு ஏறியபோதுதான் அது என்ன மாட்டின் தோல் என்ற கேள்வி வந்தது.

எம்.ஏ. படித்தபோது தூய்மை, தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். பொருள் தீட்டு, தொழில் தீட்டு, அதனால் மனிதர் தீட்டு என்று ஏணிபோல் அடுக்கிச் சொல்லும் விளக்கம். இந்தத் தோல் துண்டு அந்த ஏணியில் நிற்கவில்லை. தோல் எங்கே தேவையோ அங்கே அதன் தீட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பதனிட்டவர் மேல் மட்டும் அது ஒட்டிக்கொள்கிறது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் 'சக்லர்' என்று ஒரு சொல் இருக்கிறது. தோல் வேலை செய்பவர், செருப்பு தைப்பவர் என்று பொருள். அருந்ததியர் மேல் சுமத்திய சாதிப் பெயரை வெள்ளைக்காரன் தொழில் பெயராகவே எடுத்து எழுதிக்கொண்டான். அந்த அளவுக்கு அந்த வேலை அவனுக்குத் தேவைப்பட்டது.

போன ஞாயிறு பேரணாம்பட்டில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். முப்பது வருஷம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். கைபேசியில் துப்பாக்கிப் படத்தைக் காட்டி, இந்த இடத்துக்கு எந்தத் தோல் சரி என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வயித்துத் தோல் வேணாம்மா, இழுத்தா நீண்டுக்கும். முதுகுப் பக்கம் எடு. அதுவும் ஆவாரம்பட்டையில பதனிட்டதா இருக்கணும், அமுக்குனா அமுங்கி அப்படியே நிக்கும்." இப்போது இங்கே போடுவது பெரும்பாலும் குரோம் தோல்தானே, அதைக் கரியாக்கி உருக்குக்குப் போடலாமா என்றும் கேட்டேன். கையை ஆட்டினார். "அதை எரிக்காதே. அந்தப் புகையே ஆகாது." சரியாகத்தான் சொன்னார். குரோம் தோலை எரித்தால் அதிலிருக்கும் குரோமியம் நச்சான வடிவத்துக்கு மாறக்கூடும். பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்கு அந்தப் பெயரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பிறகு உள்ளே போய், பழைய செருப்பு ஒன்றின் அடித்தோலிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மடித்து, மடிப்பில் துளை போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். கேள்வி கேட்ட தங்கை கட்டாயம் வர வேண்டும், முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.