வெளியேற்றியும் கம்மியர் கைத்திறனும்

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அவற்றைப் பழுதுபார்த்து வாழவைத்தோருக்கு அதில் இடம் அரிது. ஆயினும், எளிதிற் செப்பனிடத்தக்கதே நெடிது நிலைக்கும் என்பதற்குப் பிரித்தானிய இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கின் வெளியேற்றி தக்கதொரு சான்றாகும்.

1830களில் பிரான்சில் லெபோஷே பின்புறமாகத் தோட்டா இடும் துவக்கை ஆக்கினார். 1861இல் இலண்டனில் டோ நடுவெடித் தோட்டாவுக்குரிய துவக்கை விற்பனைக்குக் கொணர்ந்தார். எனினும், சுட்டபின் வெறுங்கூட்டை விரலாற் பற்றியே அகற்ற வேண்டியிருந்தது. பிரபுக்களின் வேட்டைகளில் பறவைகள் திரள்திரளாக ஓட்டிவரப்பட்டமையால் ஒவ்வொரு கணமும் பெறுமதி பெற்றது. 1874இல் யோசேப் நீதம் உரிமம் பெற்ற அமைப்பு இக்குறையைத் தீர்த்தது. சுட்ட குழலின் கூடு தெறித்து வீழ்ந்தது. சுடாத தோட்டா சிறிது உயர்ந்து குழலிலேயே நின்றது.

1880களில் டீலி அமைத்த வெளியேற்றி, துவக்கின் முன்கட்டையுள் வைக்கப்பட்ட இரு சிறு விசைப்பூட்டுகளை ஒத்தது. சுத்தியல், தடுநெம்பு, வில் எனப் பல உறுப்புகள் அதில் இயங்கின. 1893இல் உரிமம் பெற்ற சவுத்கேற்றின் அமைப்போ பெரிதும் எளியது. பேனாக்கத்தியின் அலகு ஓரெல்லையைக் கடந்ததும் வில்லின் விசையால் தானே மடிவது போன்று, அதன் சுத்தியல் நடுநிலை தாண்டியதும் பாய்ந்து கூட்டை உதைக்கும். தேய்வதற்குரிய உறுப்புகள் சிலவே. பிற்காலத்தில் மிகப் பரவலாகக் கையாளப்பட்டது இதுவேயாகும்.

ஆயினும், எளிமை பராமரிப்பை வேண்டாததன்று. பழைய எண்ணெய் தடித்துப் பிசினாகும்; வி வடிவ வில் முறியும்; உறுப்புகள் ஒன்றையொன்று தொடும் முகங்கள் தேயும். அப்போது ஒரு கூடு முந்தியும் மற்றையது பிந்தியும் வீழும். கையாற் செய்யப்பட்ட இத்துவக்குகளில் ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் பெரும்பாலும் பொருந்தாது. ஆதலின், கம்மியர் உறுப்பின்மீது விளக்குக்கரி பூசி, அது படியும் இடத்தைக் கண்டு, மயிரிழையளவாக அராவுவர். மிகையாக அராவிய உலோகத்தை மீட்பது அரிது. ஆதலாற் பொறுமையே முதற்கருவியாயிற்று.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பிரபுக்களின் பெருவேட்டைகள் குன்றின. பேர்மிங்ஹாமின் துவக்குத் தொழிலும் காலப்போக்கிற் சுருங்கியது. நூற்றாண்டு கடந்த துவக்குகள் இன்றும் இயங்குகின்றன. உரிமப் பத்திரத்திலுள்ள வரைபடம் மட்டும் அவற்றை இயக்குவதில்லை. கையிலிருந்து கைக்கு வந்த அறிவும் வேண்டும். அவ்வறிவின் தொடர் அறுமாயின், எஞ்சுவது காட்சிப்பொருளேயன்றிப் பொறியன்று.