அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்தது

பதினேழு வருடம் நான் கடிதம் எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விசா பிரிவு. 1999-இல் சேர்ந்தபோது மூன்று பேர், ஒரு பிரிண்டர், அடிக்கடி காணாமல் போகும் ஒரு ஸ்டேப்ளர். ஆன்சைட் போகிற ஒவ்வொருவருக்கும் ஆறு பக்கம் எழுத வேண்டும். இவருக்குத் தெரிந்தது வெளியே சுலபமாகக் கிடைக்காது, இவர் போகாவிட்டால் அங்கே வேலை ஓடாது என்பதுதான் சாரம்.

"என்னம்மா வேலை பண்றே?"

"ஜாவா, மேம்."

"ஜாவா ஊருக்கே தெரியும். உனக்குன்னு தெரிஞ்சது என்ன?"

எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் முழிப்பாள். அந்த முழியிலிருந்து ஆறு பக்கம் கறக்க வேண்டும்.

அந்தக் கடிதங்கள் அமெரிக்காவின் எல்-1 விசாவுக்கு. அது என்னைப் போன்றவர்களுக்காகவோ அந்தப் பெண்ணுக்காகவோ பிறந்ததல்ல. அமெரிக்காவில் 1965-இல் குடியேற்றச் சட்டத்தை மாற்றினார்கள். அதுவரை நாட்டுக்கு இத்தனை பேர் என்ற பழைய ஒதுக்கீட்டில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் தாராளமாக இடம் இருந்தது. லண்டன் கிளை மேனேஜரை நியூயார்க்குக்குக் கூப்பிட வேண்டுமானால், குடியேற்ற விசாவே கொடுத்துக் கூட்டிவந்துவிடலாம். புதிய சட்டம் 1968-இல் முழுதாக நடைமுறைக்கு வந்ததும் அவரும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. உலகமெல்லாம் கடை விரித்திருந்த கம்பெனிகள் முணுமுணுத்தன. 1970 ஏப்ரல் 7 அன்று நிக்சன் கையெழுத்திட்ட திருத்தத்தில் எல் என்ற எழுத்து பிறந்தது. அதே சட்டத்தில்தான் கே விசாவும் வந்தது. அது அமெரிக்கக் குடிமக்களை மணக்கப் போகிறவர்களுக்கு. கல்யாணத்துக்குப் போகிறவர்களும் கம்பெனிக்குப் போகிறவர்களும் ஒரே தாளில் வந்து சேர்ந்தது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே பட்டிருக்கிறது.

மேனேஜர், நிர்வாகி, இவர்களோடு மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்திருந்தார்கள்: 'ஸ்பெஷலைஸ்டு நாலெட்ஜ்' உள்ளவர். சிறப்பறிவு என்று வைத்துக்கொள்வோம். அது என்ன அறிவு என்று சட்டம் சொல்லவில்லை. இப்படி வரப்போகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை மட்டும் நம்பிக்கையோடு சொன்னது. சட்டம் பொருள் சொல்லாமலே இருபது வருடம் ஓடியது. 1990-ஆம் வருடச் சட்டம்தான் ஒரு வரையறை தந்தது: கம்பெனியின் தயாரிப்பையும் சர்வதேசச் சந்தையில் அதன் பயன்பாட்டையும் பற்றிய தனி அறிவு, அல்லது கம்பெனியின் செய்முறைகளில் மேம்பட்ட அறிவு. கடைசி மூன்று வருடத்தில் ஒரு வருடம் வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்திருந்தால் போதும். மேனேஜருக்கு ஏழு வருடம், சிறப்பறிவாளருக்கு ஐந்து.

எங்கள் பிழைப்பு தொடங்கியது அந்தச் சட்டத்தின் இன்னொரு மூலையிலிருந்து. வேலைக்குப் போகிறவர்களுக்கான இன்னொரு விசாவான எச்-1பிக்கு வருடத்துக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்ததும் அதுதான். எல்-1க்கு வரம்பு கிடையாது. இந்த வேலைக்குக் குறைந்தது இவ்வளவு சம்பளம் என்ற நிபந்தனையும் கிடையாது. எச்-1பி வரம்பைக் கொஞ்ச காலம் 1,95,000 வரை உயர்த்தி, 2003 அக்டோபரில் மறுபடி 65,000-க்கு இறக்கினார்கள். எங்கள் மேசையில் எல்-1 கோப்புகளின் குவியல் உயர்ந்தது. 2002 ஜனவரியிலிருந்து எல்-1இல் போகிறவர்களின் கணவன் மனைவிக்கும் அங்கே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியை என்னிடம் முதலில் விசாரித்தது எந்த ஊழியரும் இல்லை, ஒருவருடைய மாமியார்.

அந்தப் பக்கத்தில் கோபமும் வளர்ந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வேலையை இழந்ததாக ஃப்ளோரிடாவில் சிலர் புகார் சொன்னார்கள். நியாயமான கேள்விதான்: சிறப்பறிவோடு வருகிறவருக்கு ஏன் கற்றுத்தர வேண்டும்? 2004 டிசம்பரில் வந்த திருத்தம் 2005 ஜூன் 6 முதல் அமலானது. இன்னொரு கம்பெனியின் இடத்தில், அவர்களுடைய கட்டுப்பாட்டில் உட்கார்ந்து வேலை செய்ய எல்-1பி, அதாவது சிறப்பறிவாளர் விசாவில் வந்த ஆளை அனுப்பக் கூடாது. ஆள் வாடகைக்கு விடுகிற வேலை கூடாது. அதன்பின் என் ஆறு பக்கம் ஒன்பது ஆனது. யார் மேற்பார்வை, எந்த நாற்காலி, யாருடைய மென்பொருள் என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன்.

என் கை தவறியதும் அந்த நாட்களில்தான். நேரமில்லாமல் ஒருவருடைய கடிதத்தின் நான்கு பத்திகளை அப்படியே இன்னொருவருக்கு ஒட்டிவிட்டேன். இருவருக்கும் தூதரகத்தில் ஒரே நாள் நேர்காணல், பக்கத்துப் பக்கத்துச் சன்னல். நிறுவனத்தில் இவர் ஒருவருக்கே வாய்த்த அறிவு, இரண்டு பேருக்கு வாய்த்திருந்தது. இருவரும் விசா இல்லாமல் திரும்பி வந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே இரண்டு ஸ்வெட்டர் வாங்கியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், என்னால் முடியவில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு 'பிளாங்கெட்' என்று ஒரு வசதி உண்டு. கம்பெனிக்கு மொத்தமாக ஒரு முறை ஒப்புதல் வாங்கிவிட்டால், ஊழியர் நேரே தூதரகத்துக்குப் போகலாம். அங்கே சன்னலில் இருப்பவரே தீர்ப்பு சொல்லிவிடுவார். 2011 டிசம்பர் 1 முதல் இந்தியா முழுவதற்குமான பிளாங்கெட் எல் நேர்காணல்களைச் சென்னைக்கே கொண்டுவந்தார்கள். புனேயிலிருந்தும் நொய்டாவிலிருந்தும் பையன்கள் ஜெமினி மேம்பாலத்தடியில் வந்து இறங்கினார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடம் அங்கே இருப்பது 1969 முதல். எல் விசாவைவிட அதற்கு ஒரு வயது கூட. செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. அதை வாங்கி வைத்துக்கொள்வதே எதிரில் சிலருக்குத் தொழிலாகிவிட்டது.

அமெரிக்காவுக்கே அனுப்புகிற தனி மனுக்களின் கதை வேறு. எல்-1பி மனுக்களில் 2007-இல் நூற்றுக்கு 7 நிராகரிக்கப்பட்டன, 2014-இல் 35. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2012 முதல் 2014 வரை இந்தியர்களுடையதில் பாதிக்கும் மேல் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பிரேசில் உணவகத்தின் வழக்கு எங்கள் பிரிவில் பேச்சானது. ஃபோகோ டி ஷாவ். 1979-இல் போர்ட்டோ அலெக்ரியில் தொடங்கியது. 1997-இல் டல்லஸில் கிளை. தெற்கு பிரேசிலின் மாட்டுப்பண்ணைகளில் நெருப்போடு வளர்ந்தவர்கள்தான் அங்கே இறைச்சி வாட்டிப் பரிமாறும் சமையல்காரர்கள். முதல் பத்து வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் எல்-1பியில் போனார்கள். பிறகு ஒருவருக்கு மறுத்தார்கள்: பிறந்து வளர்ந்த ஊர்ப் பழக்கம் கம்பெனியின் சிறப்பறிவு ஆகாது. 2014 அக்டோபரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி ஒரேயடியாகத் தள்ளக் கூடாது என்று திருப்பி அனுப்பியது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் உடன்படவில்லை. அவர் பிரெட் கேவனா, இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார்.

தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் மூன்றாம் மாடி ஆள்தான் நினைவுக்கு வந்தார். மெயின்ஃப்ரேமில் இரவு நேரம் ஓடும் பேட்ச் ஜாப்களைப் பார்ப்பவர், ஒன்பது வருட அனுபவம். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் மாதக் கடைசிக் கணக்கு அவர் கையில் ஓடியது. மூன்று தடவை கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"உங்களுக்கு என்ன தெரியும், சார்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். ஜாப் நின்னா ஓட வைப்பேன்."

"எப்படி?"

"பார்த்தா தெரியும்."

இதை எந்தப் பத்தியில் வைப்பது? 2015 ஆகஸ்டில் குடியேற்றத் துறை புதிய விளக்கம் வெளியிட்டது. அறிவு கம்பெனியின் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை, அவர் ஒருவருக்கே தெரிந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை; மற்றவர்களோடு ஒப்பிட்டால் தனித்துத் தெரிந்தால் போதும். அந்தத் தைரியத்தில் அவருக்கும் எழுதினேன். நீல ஃபைலை வாங்கிப் படித்துவிட்டு, "மேடம், இதெல்லாம் நானா?" என்றார்.

சன்னலில் அவரிடம் கேட்டது எத்தனை வருடம் இந்தக் கம்பெனியில் என்பதும், அங்கே யார் மேலதிகாரி என்பதும்தான். விசா கிடைத்தது.

அவர் போன மாதமே கடைசி நாள் இரவு ஜாப் நின்றுவிட்டது. சென்னையில் நான்கு பேர் விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் அவருக்கே போன் போட்டார்கள். அங்கே சாயங்காலம், ஏதோ கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தார். "நேத்து ஃபைல் காலியா வந்திருக்கும், பாரு. பேரை மாத்தி ஓரமா வெச்சுட்டு மறுபடி ஓட விடு" என்றாராம்.