கொல்லிமலையின் ஜெசி பிராண்ட்: தகப்பனாகவும் மலைவாசியாகவும்

காவிரியின் கிளையாகிய அரசலாறு காரைக்காலில் கடலோடு சேர்கிறது. அது கொணர்ந்து சேர்க்கும் வண்டல் எந்தெந்த மலையினின்று கரைந்து வந்தது என்று கழிமுகத்து மக்கள் ஆராய்வதில்லை. அதில் ஒரு சிறு பங்கு கொல்லிமலையினுடையது. அம்மலைமேல் பிறக்கும் ஐயாறு, ஆகாயகங்கை என்னும் அருவியாய் விழுந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்கிக் காவிரியோடு கலக்கிறது.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றைக் காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், 1706ஆம் ஆண்டில் தொடங்குவது நம்மிடையே நிலைபெற்ற வழக்கம். தொடக்கம் சரியானதே. ஆயினும் கடற்கரையில் தொடங்கிய அவ்வரலாற்றை அச்சகம், மொழிபெயர்ப்பு, பள்ளி, திருமுழுக்குப் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டே நாம் எழுதிவந்துள்ளோம். பதிவேட்டில் இடம்பெறாத வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அறிய, ஆற்றை எதிர்த்து மலைக்குச் செல்வோம். அங்கே வாழ்ந்து மறைந்தவர் ஜெசி பிராண்ட்.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராக 1907இல் இந்தியாவுக்கு வந்த இவர், சேந்தமங்கலத்தில் பணியாற்றினார். 1913இல் எவ்லின் ஹாரிஸ் அம்மையாரை மணந்து, அவரோடு கொல்லிமலையில் குடியேறினார். மலையேறச் சாலையில்லாத காலம் அது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கத் தயங்கினர். 'கொல்லும் மலை' என்று பெயருக்குப் பொருள் கூறுவோர் இன்றும் உண்டு. சொல்லாராய்ச்சியாக அது எவ்வளவு தேறும் என்பது வேறு. அச்சம் மட்டும் உண்மையானது.

புள்ளிவிவரப்படி எழுதினால் பிராண்டின் வரலாறு சில வரிகளில் முடியும். முதற் சில ஆண்டுகளில் மலைமக்களில் ஒருவரும் சபையில் சேரவில்லை. ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தவருக்கு அது எத்துணைச் சோர்வைத் தந்திருக்கும் என்பதை ஊழியத்திலுள்ளோர் அறிவர். ஆனால் அதே ஆண்டுகளில் அவர் செய்தவை யாவை? கட்டடத் தொழில் பழகிய கைகள் அவருடையவை. குடியிருக்கும் மர வீட்டைத் தாமே அமைத்தார். தூண்களின்மேல் வீட்டை உயர்த்தி, கரையான் ஏறாதபடி ஒவ்வொரு தூணின் தலையிலும் தகட்டுத் தட்டைக் கவிழ்த்துவைத்தார். மலைமக்களுக்குத் தச்சுவேலையும் செங்கல், ஓடு செய்யும் முறையும் கற்பித்தார். பல் பிடுங்கினார், புண் கழுவினார், நடந்தே ஊர் ஊராகச் சென்றார்.

நரம்புச் சிலந்தி நோய்க்கு அவர் செய்த பணியைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். மக்கள் இறங்கி நீர் மொள்ளும் குளங்களிலும் படிக்கிணறுகளிலும் இந்நோயின் புழு பரவிற்று. நோயாளி காலை நனைக்கும்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அந்நீரிலுள்ள நுண்ணுயிர் அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடித்தவன் ஓராண்டுக்குப்பின் நோயாளியாவான். சதையினின்று வெளிவரும் நீண்ட புழுவைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதே சிகிச்சை. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ்வைக்கும். பிராண்ட் பொறுமையோடு சுற்றியெடுத்தார். அதனினும் மேலாக, ஒருவரும் நீரில் கால் வைக்காதபடி கிணறுகளுக்குக் கற்சுவர் எழுப்பச் செய்தார். இந்தியா இந்நோயினின்று முற்றிலும் விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது. அந்த வெற்றிக்கு நெடுங்காலம் முன்பே நோயின் வழியை மறிக்கக் கல் அடுக்கியவர்களுள் இவரும் ஒருவர்.

இனி, தகப்பனைக் காண்போம். மகன் பால் 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். மூன்றாண்டுகளுக்குப்பின் மகள் கோனி. பிற்காலத்தில் உலகறிந்த அறுவை மருத்துவரான பால் பிராண்ட், தம் தகப்பனைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவற்றில் பிரசங்கங்கள் மிகுதியாக இல்லை. ஆளுயரக் கரையான் புற்றின் முன் மகனை நிறுத்தி, அதனுள் நடக்கும் கூட்டுவேலையை விளக்கும் தகப்பனையே அவற்றில் காண்கிறோம். பறவையின் கூட்டையும் பூச்சியின் பொறியையும் கண்டவுடன் நின்றுவிடுவது அவர் இயல்பு. காடு அவருக்கு வேட்டைக்களமன்று. படைத்தவரின் கைவேலையைக் காணும் இடம். தாயும் இதற்கு இசைந்தவரே. பிள்ளை மரக்கிளையில் அமர்ந்து பாடம் படிப்பதை அவர் தடுக்கவில்லை.

குட்டநோய் கண்ட மூவர் ஒருநாள் மலையேறி வந்ததையும் பால் மறக்கவில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, தகப்பனார் கையுறை அணிந்து அவர்கள் கால்களைக் கழுவிக் கட்டினார். செய்யத்தக்க மருந்து அக்காலத்தில் அவரிடம் அதிகமில்லை. எதற்கும் தயங்காத தகப்பன் அன்று அஞ்சியதைப் பிள்ளை கண்டான். அஞ்சியும் அவர் அவர்களைத் தொட்டதையும் கண்டான்.

1918ஆம் ஆண்டைச் சூழ்ந்த இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோயின்போது மலைக்குடிகள் ஓடி ஒளிந்தனர். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் குடிசைதோறும் கொண்டுசென்றனர். அதுகாறும் அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர், தாம் இறக்குந்தறுவாயில் பிராண்டை அழைப்பித்துத் தம் பிள்ளைகளை ஒப்படைத்தார். அதன்பின்னரே மக்கள் மனம் நெகிழ்ந்தது. அந்தப் பூசாரி எதைக் கண்டு நம்பினார்? உபதேசத்தை அவர் ஏற்றிருந்ததாகத் தெரியவில்லை. தம் பிள்ளைகளோடு அம்மனிதர் பழகிய விதத்தைக் கண்டிருப்பார் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே வரலாற்றாசிரியர் மௌனமாகக் கடந்துவிடும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1923இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு விடுமுறையிற் சென்ற பிராண்ட் தம்பதியர், ஒன்பது வயது பாலையும் ஆறு வயது கோனியையும் கல்விக்காக இலண்டனில் தாயின் உறவினரிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். அக்கால ஆங்கில மிஷனெரிகளின் வழக்கம் அது. எவரும் அதைக் குறைகூறவில்லை. பூசாரியின் மகள் அவர்கள் வீட்டில் வளர்ந்தாள். சொந்தப் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் வளர்ந்தனர். இதை மேன்மையான தியாகம் என்று மட்டும் எழுதி முடிப்பது எளிது. தியாகம் செய்தவர்கள் பெற்றோர்தாமோ, கேட்கப்படாமலே அதன் விலையைச் செலுத்திய பிள்ளைகளோ என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கவேண்டும். காட்டில் ஓடித்திரிந்த சிறுவனுக்கு இலண்டன் வீடு எவ்வளவு நெருக்கமாயிருந்திருக்கும்!

பிரிவின் ஆண்டுகளில் தகப்பனிடமிருந்து கடிதங்கள் சென்றுகொண்டேயிருந்தன. மலைவழியில் கண்ட மரங்களும் உயிர்களும் அவற்றில் நிறைந்திருந்தன. முன்பு கையைப் பிடித்துக் காட்டியதை இப்பொழுது எழுத்தால் காட்டினார். 1929 ஜூன் மாதத்தில் அவருக்குக் கருநீர்க் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி, இரத்த அணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் கொடுநோய் அது. சில நாட்களில் காலமானார். வயது 44. பிள்ளைகளை அவர் மறுபடி காணவேயில்லை. தந்தி இலண்டனை அடைந்தது. ஆனால் கப்பல் தபால் தந்தியைவிட மெதுவானதாகையால், அவர் இறக்குமுன் எழுதியனுப்பிய கடிதம் அதன்பின் மகன் கைக்கு வந்துசேர்ந்தது. இறந்த தகப்பன் அதில் மலையின் அழகைப் பற்றியும் படைத்தவரைப் பற்றியும் உயிரோடு பேசிக்கொண்டிருந்தார். பதினைந்து வயதுகூட நிறையாத மகன் அதை வாசித்தான்.

பால் பிராண்ட் நேரே மருத்துவம் கற்கச் செல்லவில்லை. முதலில் தகப்பனைப் போலக் கட்டடத் தொழிலைச் சில ஆண்டுகள் பயின்றார். மரத்தையும் கல்லையும் அறிந்த அந்தக் கைகளே, 1946இல் வேலூருக்கு வந்தபின், குட்டநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தின. நோயினால் உணர்ச்சி மரத்துப்போவதே கைகால் சிதைவுக்கு முதற்காரணம் என்பதை அவரும் உடனுழைத்தவர்களும் விளக்கினர். குணமானோருக்கு வேலூரில் 'நவஜீவ நிலையம்' அமைத்துத் தச்சுவேலையும் கற்பித்தார்.

அவர் முதுமையில் எழுதிய கட்டுரையொன்றின் பொருள் சேறு. மலையின் படிவயலில் தவளை பிடித்து விளையாடிய சிறுவர்களை ஒரு கிழவர் கண்டித்தாராம். வரப்பைக் கலக்கினால் சேறு ஓடையோடு போய்விடும். போன மண் மலைக்குத் திரும்பாது என்பதே அம்முதியவர் கற்பித்த பாடம். கழிமுகத்திற்கு ஆதாயமாக வந்துசேரும் வண்டல் மலைக்கு நட்டமாக இருக்கக்கூடும் என்பதைக் காரைக்கால் பக்கத்து உழவர்களும் அறிவது நலம். இதைச் சொன்னவர் பாலின் தகப்பனல்லர், ஊர்த் தாத்தா. ஆயினும் அப்படி ஒருவர் சொன்னதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைக்கும் செவியைத் தகப்பனே பழக்கியிருந்தார்.

எவ்லின் அம்மையார் கணவரின் மரணத்துக்குப்பின் நாடு திரும்பிவிடவில்லை. கொல்லிமலையோடு அதனைச் சூழ்ந்த பிற மலைகளுக்கும் செல்வதென்று இருவரும் முன்பு பொருத்தனை செய்திருந்தனர். மிஷன் ஓய்வளித்த பின்னும் தம் பொறுப்பிலேயே மலைகளில் தங்கி, தொண்ணூறு வயதைக் கடந்தும் குதிரைமேல் ஊர்களுக்குச் சென்றார். 1974 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் காலமானார். கொல்லிமலை வாழவந்தியில், 45 ஆண்டுகளுக்கு முன் கணவரை அடக்கம்செய்த இடத்தின் அருகே அவரையும் அடக்கம்செய்தனர்.