மேடை ஒளி வடிவமைப்பு படித்தால் வேலை கிடைக்குமா? கல்லூரிக்கு அப்புறம் என்ன செய்யணும்?

நாடகம் முடிந்ததும் கைதட்டல் நடிகருக்கு. அந்த முகத்தை எப்போது காட்டுவது, எப்போது இருட்டில் விடுவது என்று முடிவு செய்தவர் யார்? ஒளி வடிவமைப்பாளர். 'லைட்டு போடுறவர்' என்று நாம் சுருக்கிவிடுவது இவரைத்தான்.

இது தனிக் கலையா?

ஆமாம். 1959-ல் கொல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகம் அரங்கேறியது. கடைசிக் காட்சியில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும். தண்ணீர் மட்டம் ஏறுவதை விளக்குகளாலேயே காட்டி அசத்தினார் தபஸ் சென். பின்னாளில் சங்கீத நாடக அகாடமி விருதும் பெற்றார்.

எங்கே படிக்கலாம்?

டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் 3 ஆண்டு டிப்ளமோ உண்டு. அதில் வடிவமைப்பு, இயக்கத்தில் சிறப்புப் பயிற்சி பெறலாம். நம்ம பக்கம், புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை முதுகலைப் படிப்பு இருக்கிறது.

அப்புறம் என்ன சிக்கல்?

கல்லூரியில் அரங்கம் கையிலேயே இருக்கும். ஒரு காட்சிக்கு நாள் கணக்கில் ஒளி பார்க்கலாம். வெளியே பெரும்பாலும் ஒரு நாள் வாடகைதான். காலையில் விளக்கு கட்டி, மதியம் ஃபோகஸ் செய்து, சாயங்காலம் ஷோ. தெரியாத ஆளை நம்பி இயக்குநர் இறங்க மாட்டார். "இதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

எப்படித் தாண்டுவது?

* உதவியாளராகச் சேருங்கள்: அனுபவசாலி ஒருவரிடம் வேலை பார்த்தால், அவரை நம்புகிற இயக்குநர்களுக்கு உங்களையும் தெரிய வரும்.

* போட்டோ மட்டும் போதாது: எந்த விளக்கு எங்கே தொங்கும் என்கிற வரைபடம், எந்த வசனத்தில் ஒளி மாறும் என்கிற கியூ ஷீட் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். உங்கள் யோசனை தெரிவது அதில்தான்.

* கல்யாணம், கச்சேரி வேலையை ஒதுக்காதீர்கள்: லைட் வாடகைக் கம்பெனிகளில் புதிய கன்சோல்கள் கைக்குப் பழகும். ஒரு டிஎம்எக்ஸ் லைனில் 512 சேனல்கள். அதைப் பதற்றமில்லாமல் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஆனால் நாடகத்தை விட்டுவிடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு நாடகமாவது செய்யுங்கள்.

* பாதுகாப்பு முக்கியம்: தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி மாட்டுங்கள். ஏணியில் தனியாக ஏறாதீர்கள்.

* சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை ஷோ, மறுபடி போட்டால் எவ்வளவு, அழைப்பிதழில் பெயர் வருமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

இறுதியாண்டு நாடகத்துக்கு, தொழிலில் இருக்கும் வடிவமைப்பாளர்களையும் இயக்குநர்களையும் அழைக்கலாம். ஷோ முடிந்ததும் விளக்கு அமைத்த மாணவரை மேடைக்குக் கூப்பிட்டு அறிமுகம் செய்யலாம். முதல் வாய்ப்பு பல நேரம் அந்த அறிமுகத்தில்தான் தொடங்கும்.