குன்றில் பொறித்த ஊர்ப்பெயர்

கொட்டாம்பட்டியைக் கடந்து மதுரை நோக்கிச் செல்வோர் கருங்காலக்குடிக் குன்றைத் திரும்பிப் பார்ப்பது அரிது. நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றோம்.

பஞ்சபாண்டவர் குட்டு என வழங்கும் அக்குன்றில், பெயரறியா மாந்தர் தீட்டிய பாறை ஓவியங்கள் உள்ளன. சமணத் துறவியர்க்கென வெட்டிய கற்படுக்கைகளும், ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையுடைய தமிழிக் கல்வெட்டும் உள்ளன. ‘ஏழையூர் அரிதின் என்பாரின் பள்ளி’ எனும் பொருளில் அக்கல்வெட்டு அமைந்துள்ளது. அதில் மன்னன் பெயர் இல்லை; ஓர் ஊரின் பெயரும் ஒரு மனிதரின் பெயருமே உள. பின்னாளில் தீர்த்தங்கரர் உருவமும் அங்கே செதுக்கப்பெற்றது. இவற்றைப் படைத்தோர் கல்லைப் பெயர்த்துச் செல்லவில்லை. கல் இருந்த இடத்திற்குத் தாமே சென்றனர். ஆதலின் அங்கே கலையையும் நிலத்தையும் பிரித்தல் இயலாது.

இதே மேலூர் வட்டாரத்தில்தான் நம் காலத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை அறுத்தன. 2022-இல் அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. அதனையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் போயிற்று. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அதனை இரத்துச் செய்தது.

அன்று அரிதின் தம் பெயரோடு ஊரின் பெயரையும் கல்லில் விட்டுச் சென்றார். இன்று இவ்வட்டாரத்துக் கற்களைக் காத்தவர்கள் அவ்வுறவையே புதுப்பித்தனர் அன்றோ! அடுத்த முறை அவ்வழி செல்கையில், நம் பிள்ளைகளோடு இறங்கி அப்பெயரைக் காட்டுவோம்.