ஸ்டீராய்டு மாத்திரை: பிற மருந்துகளுடன் வினை

பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டு மாத்திரைகளின் விளைவை, உடன் உட்கொள்ளும் மருந்துகள் வலுவிழக்கவும் செய்யும், மிகையாக்கவும் செய்யும். இந்த வினைக்குத் தெளிவான சான்று காசநோய்ச் சிகிச்சையே. அதில் தரப்படும், சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளைத் தூண்டி ஸ்டீராய்டை விரைவில் சிதைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கலாம். அளவை இரட்டித்தால் போதாதா என்பர். போதாது: ரிஃபாம்பிசினை நிறுத்திய சுமார் இரண்டு வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட, இரட்டித்த அளவே மிகையாகிவிடும். ஸ்டீராய்டையே தவிர்ப்பதும் தீர்வன்று. மூளையுறைக் காசநோயில் அது உயிர் காக்கிறது. ஆகவே ரிஃபாம்பிசினைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் மருத்துவர் ஸ்டீராய்டு அளவைத் திருத்த வேண்டும்.

அன்றாட மருந்துகளும் விலக்கல்ல. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் இரைப்பைப் புண்ணும் இரத்தக்கசிவும் வரலாம்; சிறுநீர் பெருக்கும் ஃபுரோசமைடோடு சேர்ந்தால் பொட்டாசியம் சரியும். ஸ்டீராய்டு ஐந்து நாள்தானே என்ற சமாதானம் செல்லாது. நீரிழிவு மாத்திரை உண்பவருக்குச் சர்க்கரை முதல் ஓரிரு நாளிலேயே ஏறிவிடும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்காதீர்கள். உண்ணும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நாட்பட உண்டதைத் திடீரென நிறுத்தாதீர்கள்.