வலை விரிக்கத் தெரிந்தவர்கள்

இன்றைய எபிசோட் ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஆரம்பித்து நம்ம டெல்டாவில் வந்து முடியும். நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு பறவையைப் பற்றி நமக்குத் தெரிந்ததை எல்லாம் முதலில் தெரிந்து வைத்திருந்தது யார்?

ஆப்பிரிக்க சவானா என்றால் நமக்குச் சிங்கமும் யானையும்தான் ஞாபகம் வரும். ஆனால் பறவை பார்க்கப் போகிறவர்களின் கணக்கே வேறு. தென்னாப்பிரிக்காவில் கோடை என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை பெய்து புல் வளரும், பூச்சி பெருகும். அதைத் தின்ன வடக்கே இருந்து பறவைகள் வந்து இறங்கும். நமக்கு மார்கழிக் குளிர், அங்கே உச்சக்கோடை. அந்தக் கூட்டத்தில் அமூர் ஃபால்கன் என்று ஒரு சின்ன வல்லூறு உண்டு. ரஷ்யாவின் கிழக்கு ஓரத்திலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, நம்ம நாகாலாந்து வழியாக, அரபிக்கடலையும் தாண்டி அங்கே போய்ச் சேரும்.

க்ரூகர் தேசியப் பூங்காவின் வடகோடியில் பஃபூரி என்று ஒரு இடம். பறவை ஆர்வலர்கள் தேடிப் போகிற இடம். 1898-ல் சபி வேட்டைக் காப்பகமாகத் தொடங்கி, 1926-ல் தேசியப் பூங்காவாக ஆனதுதான் க்ரூகர். பஃபூரியில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் மகுலேகே மக்கள். 1969-ல் நிறவெறி அரசு அவர்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றி, அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. நிறவெறி ஆட்சி போன பிறகு வழக்கு போட்டு 1998-ல் நிலத்தை மீட்டார்கள். மீட்ட பிறகு அதை உழவில்லை, வீடு கட்டவில்லை. பூங்காவுக்குள்ளேயே வைத்து, அதன் சுற்றுலா வருமானத்தில் உரிமை வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கதையை மனசில் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

நான் இதைப் பேசுவது தாராசுரத்திலிருந்து. இங்கே வருகிறவர்கள் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் சொல்லப்போகும் இடம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அப்புறம் கோடியக்கரை. திறந்த புல்வெளி, அதில் வெளிமான் கூட்டம், பக்கத்தில் உப்பளமும் சேற்று நிலமும், அங்கே பூநாரைகள். சவானா மாதிரியான காட்சி வேண்டும் என்றால் நமக்குக் கிடைக்கும் பக்கத்து இடம் இதுதான். ஆனால் சீசன் நேர்மாறு. அங்கே கோடையில் வரும் கூட்டம், இங்கே குளிர்காலத்தில் வரும். கொசு உள்ளானை எடுத்துக்குங்க. எடை இருபத்தைந்து கிராம் அளவுதான். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிக்கும். பிறகு ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்குப் போகும், ஒரு பகுதி நம்ம கடற்கரைக்கு வரும்.

எந்தப் பறவை எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவை ஆராய்ச்சி என்றால் துப்பாக்கி. சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, லேபிள் கட்டுவார்கள். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தோல்களும் முட்டைகளும் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். சாலிம் அலியே சின்னப் பையனாக ஏர்கன்னால் சுட்ட ஒரு மஞ்சள் கழுத்துக் குருவியை, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஆரம்பித்ததுதான் அவருடைய வாழ்க்கை.

ஆனால் செத்த பறவையிடம் ஒரே ஒரு தகவல்தான் இருக்கும்: அது செத்த இடம். பயணத்தைத் தெரிந்துகொள்ள அது உயிரோடு போக வேண்டும். 1899-ல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர், மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். நம்ம மொழியில் சொன்னால், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பிரைமரி கீ. அதுவரைக்கும் "நூறு உள்ளான் வந்தது" என்றுதான் எழுத முடியும். அதற்குப் பிறகு "இந்த உள்ளான் திரும்ப வந்தது" என்று எழுத முடிந்தது. ஆராய்ச்சியே மாறிப்போனது.

இந்தியாவில் இது பெரிய அளவில் நடக்க ஒரு நோய் காரணமானது. 1957-ல் கர்நாடகாவின் ஷிமோகா பக்கம் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கியாசனூர் காட்டு நோய். அந்த வைரஸ் ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் ஒரு வைரஸின் சொந்தக்காரன். அப்படியென்றால் உண்ணியைக் கொண்டுவந்தது வலசைப் பறவைகளா? அதைப் பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலி தலைமையில் 1959-ல் வளையமிடும் திட்டம் தொடங்கியது. 1962-ல் கோடியக்கரையின் முக்கியத்துவத்தை அவர் கவனித்தார். 1967-ல் அது சரணாலயம் ஆனது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம்.

சரி, வளையம் மாட்ட முதலில் பறவையைப் பிடிக்க வேண்டுமே? சிறகு ஒடியாமல், கால் முறியாமல், ஆயிரக்கணக்கில்? எந்த விலங்கியல் பட்டத்திலும் அது பாடமாக இல்லை. அதனால் கழகம் பிகாரின் மீர்ஷிகார்களைக் கூப்பிட்டது. பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்த சமூகம். எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தத் திசையில் தரையிறங்கும், கண்ணியை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும், எந்தக் குரல் கொடுத்தால் கிட்ட வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நேற்று வரை சந்தைக்குப் போன பறவை, அதே கையிலிருந்து வளையத்தோடு வானத்துக்குப் போனது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வந்தது பெரும்பாலும் வளையம் மாட்டியவருக்குத்தான், வலை விரித்தவருக்கு இல்லை.

நம்ம ஊரில் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள். நரிக்குறவர்கள். அவர்களுக்கு இன்னொரு பெயரே குருவிக்காரர்! காடை, கௌதாரி, கொக்கு எது எங்கே அடையும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இல்லாமல் போயிருந்தால் இன்று பார்க்கப் பல பறவைகள் மிஞ்சியிருக்காது. ஆனால் தொழிலைக் குற்றமாக்கிய கையோடு, அந்தத் தொழிலுக்குள் இருந்த அறிவை என்ன செய்வது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மீர்ஷிகாரில் சிலருக்குக் கிடைத்த முகாம் வேலை, இங்கே பெரும்பாலானவர்களுக்கு ஊசிமணி, பாசிமணியாக முடிந்தது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

வேறு மாதிரி நடக்க முடியுமா? முடியும். வேடந்தாங்கலில் ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். காரணம் வெறும் இரக்கம் மட்டும் இல்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை இருந்தால் நெல் விளையும் என்ற கணக்கு அது.

இன்னொன்று நாகாலாந்தின் பாங்டி கிராமம். 2012-ல் தோயாங் நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் அமூர் ஃபால்கன்கள் வலையில் ஆயிரக்கணக்கில் சிக்கிச் செத்த படங்கள் வெளியே வந்தன. அடுத்த வருடமே வேட்டை நின்றது. வலை விரித்தவர்களே காவலுக்கு நின்றார்கள். 2013-ல் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பறக்கவிட்ட மூன்று பறவைகளில் ஒன்றுக்குப் பாங்டி என்றே பெயர். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர் ஆப்பிரிக்கா வரை போவதை மேப்பில் பார்த்தார்கள்.

மகுலேகே, வேடந்தாங்கல், பாங்டி. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அந்த இடத்தை ஏற்கனவே தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. பங்கு இருந்த இடத்தில் காவலும் நின்றது.

இப்போது நம்ம கையில் துப்பாக்கியும் இல்லை, வலையும் இல்லை. செல்போன் ஆப் இருக்கிறது. பறவையைப் பார்த்தால் பதிவு போடுகிறோம், நல்ல விஷயம், போடுங்க. வர்ற டிசம்பரில் கோடியக்கரை போனால், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடமும் வலை உலர்த்தும் மீனவர்களிடமும் கொஞ்ச நேரம் பேசுங்க. எந்தப் பறவை முன்னெல்லாம் வந்தது, இப்போ வருவதில்லை என்று கேளுங்க. அவங்க சொல்ற ஊர்ப் பெயரோடு எழுதி வைங்க, அவங்க சம்மதித்தால் யார் சொன்னது என்பதையும் சேர்த்து. பறவைக்கு எண் கொடுக்க நமக்கு அறுபது வருடத்துக்கு முன்பே தெரியும். அதைக் காட்டிக்கொடுத்த கண்களுக்கு ஒரு வரி ஒதுக்குவது அவ்வளவு கஷ்டமில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.